மச்சானை எப்போது இறக்குவது

சாரல் பிடித்துவிட்டால் தென்காசியில் துணி காய்வதில்லை. வீட்டுக்குள் கட்டிய கொடியில் நசநசவென்று கிடந்து வாடையடிக்கத் தொடங்கும். அதனால் நூர்நிஷா துணியைத் தேய்த்தே காய வைப்பாள். அன்றும் காலை வேலை முடிந்த கையோடு சாப்பாட்டு மேசையில் பழைய போர்வையை விரித்து, கணவர் பரீதின் கைலியை இஸ்திரிப்பெட்டியால் அழுத்திக்கொண்டிருந்தாள். ஆவி புஸ்ஸென்று எழுந்தது. சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்திருந்த கைபேசியில் அவள் குரல் பதிவாகிக்கொண்டிருந்தது.

“அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாரும் நல்லா இருக்கியளா? நேத்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தா, எதிராளி கோடாலிய ஓங்கிட்டு வரும்போது குதிக்கவா, மறிக்கவான்னு. ரெண்டும் வேண்டாம்மா. விசில் அடி. ஆளு மாறுத அந்த இமைப்பொழுது களத்துல நம்ம ஆளே கிடையாது. கோடாலி காத்த வெட்டிட்டுப் போவும். ஆனா இதையே அடுத்தடுத்து செஞ்சா அவன் மோப்பம் பிடிச்சிருவான். புது ஆளு வந்து கால் ஊணுத நேரம் பாத்து அடிப்பான்.”

கைலியைத் திருப்பிப் போட்டாள்.

“இறக்குத ஆளு மச்சானா இருந்தா இன்னும் கவனம். மச்சான் வந்து நிமிந்து நிக்கதுக்குள்ள எதிராளி நாலு அடி போட்டிருவான்.”

உள்ளறைக் கதவு படாரென்று சாத்தப்பட்ட சத்தமும் பதிவில் விழுந்தது. நூர்நிஷா நிறுத்தவில்லை. “காத்து” என்று சொல்லிவிட்டு மேலே பேசினாள்.

காற்று இல்லை. விடுப்பில் வந்திருந்த பரீதுதான்.

நூர்நிஷா பிறந்தது கடையநல்லூரில். கல்யாணமாகித் தென்காசிக்கு வந்தபோதே பரீது சவுதியில், தம்மாமில் ஏசி மெக்கானிக். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார், பெட்டியைப் பிரிப்பார், ஒழுகுகிற குழாயையெல்லாம் சரிபண்ணுவார், போய்விடுவார். ஒரே மகன் சமீர். அவன் பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்ததற்காக ஒரு விடுப்பில் டிவியோடு இணைத்து விளையாடும் கேம் பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். சமீர் மிச்சமிருந்த விடுமுறை முழுக்க அதில் ஆடிவிட்டுக் கோயம்புத்தூர் கல்லூரிக்குப் போனான். விடுதியில் அதற்கு அனுமதியில்லை. ஜூன் மாதம் அங்கிருந்து போன் பண்ணினான். சாரல் ஈரத்தில் பெட்டிக்குள் பூஞ்சை பிடித்துவிடும், உம்மா தினமும் கொஞ்ச நேரம் அதைப் போட்டு வைக்கவேண்டும், சூடு ஏறினால் போதும் என்றான்.

நேற்றைய மீன்குழம்பைச் சுட வைப்பதுபோல அவளும் அந்தப் பெட்டியைத் தினமும் சுட வைத்தாள். சும்மா ஓடுகிற கரண்டை வீணாக்குவானேன் என்று ஒருநாள் பொத்தானை அமுக்கிப் பார்த்தாள். ‘அயன் யார்டு’ என்று ஒரு சண்டை விளையாட்டு. ஆளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. சட்டையில்லாத தடியன்கள், வாள் வைத்தவள், நெருப்புத் துப்புகிறவன் என்று வரிசை. கடைசியில் ஒரு பெண் முக்காடு மாதிரி எதையோ போட்டுக்கொண்டு, கழுத்தில் விசிலோடு நின்றாள். அவள் கையைக் காலை ஆட்டிச் சண்டை போடுவதில்லை. களத்துக்கு வெளியே நின்று விசில் ஊதுவாள். அவளுடைய மூன்று பிராணிகள்தான் ஒன்று மாற்றி ஒன்று இறங்கிச் சண்டையிடும். கீரி, ஆந்தை, கரடி. நூர்நிஷாவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அடிதடிக்கு நடுவே நின்ற இடத்திலிருந்து குடும்பம் நடத்துகிறவளாகத் தெரிந்தாள்.

அந்த ஆளை வைத்து ஆடுவது சுலபமில்லை என்று சமீர் சொல்லியிருந்தான். மூன்று உடம்பு, மூன்று விதக் கை வீச்சு, மூன்று விதக் களைப்பு. எதையும் அதிக நேரம் களத்தில் விட்டால் சோர்ந்துவிடும். சோர்ந்த கரடி அடித்தால் கொசு கடித்த மாதிரிதான் இருக்கும். உள்ளே அழைத்து இளைப்பாற விட்டால் பழைய பலம் திரும்பும். ஆனால் அழைப்பதற்கும் ஒரு வரிசை உண்டு. கீரிக்குப் பின் ஆந்தை, ஆந்தைக்குப் பின் கரடி, மறுபடி கீரி. கீரியிலிருந்து நேராகக் கரடிக்குத் தாவ முடியாது. நடுவில் ஆந்தையை இறக்கி ஏற்றித்தான் ஆகவேண்டும்.

அவளோடு முதலில் ஆட வந்தவள் பின்தெருவில் போலீஸ் குடியிருப்பில் இருந்த இசக்கிச்செல்வி. கான்ஸ்டபிள். அவள் தன் வீட்டிலிருந்து, நூர்நிஷா தன் வீட்டிலிருந்து, ஆன்லைனில் மோதுவார்கள். இசக்கிச்செல்விக்குக் கீரி மேல் தனிப் பாசம். அதையே பிடித்துக்கொண்டு சாகும்வரை ஆடுவாள், பிறகு மற்ற இரண்டையும் எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் விழிப்பாள். அவளுக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் நூர்நிஷா குரல்பதிவு அனுப்பத் தொடங்கினாள். தம்மாமுக்கு இத்தனை வருடமாக வீட்டுக் கதையை அனுப்பிய அதே பழக்கம்தான். கை வேலையில் இருக்க, வாய் போனில் இருக்கும். அந்தப் பிராணிகளுக்கு விளையாட்டில் இருந்த பெயர்கள் இருவர் வாயிலும் நுழையவில்லை. அதனால் வீட்டுப் பெயர்களை வைத்தாள். ஓடிவந்து கடித்துவிட்டு ஓடுகிற கீரிக்குக் கொழுந்தியா. மேலே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்க்கிற ஆந்தைக்கு மாமி. மெதுவாக வந்து ஒரே அடியில் ஆளைச் சாய்க்கிற கரடிக்கு, அவள் பரீதைக் கூப்பிடுகிற மச்சான்.

‘மச்சான் வேணும்னா மாமியத் தாண்டித்தான் போவணும், வேற வழி கிடையாது’ என்ற பதிவைக் கேட்டு இசக்கிச்செல்வி ரோந்து ஜீப்பிலேயே சிரித்துவிட்டு இன்ஸ்பெக்டரிடம் திட்டு வாங்கினாள். பரீதின் தாயார் அப்போது உயிரோடு இருந்தார். விஷயம் அவர் காதுக்கும் போயிற்று. ஆந்தைக்குக் கண் நன்றாகத் தெரியுமா என்று மட்டும் கேட்டார். தெரியும் மாமி, இருட்டிலும் தெரியும் என்றாள் இவள். அப்படியென்றால் சரி என்று வெற்றிலையை எடுத்துக்கொண்டார்.

இசக்கிச்செல்வி அந்தப் பதிவுகளைப் பட்டாளத்தில் இருந்த தம்பிக்கு அனுப்பினாள். அவன் முகாமில் இருந்தவர்களுக்கு அனுப்பினான். யாரோ ஒரு குழு ஆரம்பித்து ‘தென்காசி அக்கா’ என்று பெயர் வைத்தார்கள். வடகரையிலிருந்து கல்லூரிப் பெண்கள், சென்னையிலிருந்து பையன்கள், வளைகுடாவிலிருந்து யார் யாரோ. முகம் கிடையாது, குரல் மட்டும். பின்னணியில் குக்கர் விசில் கேட்கும், தயிர்க்காரர் கூப்பிடுவது கேட்கும். பதிவில் எது கரடியை அழைக்கும் விசில், எது குக்கர் விசில் என்று குழம்புவதாக ஒருவன் எழுதினான்.

இந்த வருடம் சாரல் தொடங்கியதும் குற்றாலத்திலிருந்து அழைப்பு வந்தது. ஐந்தருவி போகும் சாலையில் ஒரு லாட்ஜின் மாடியில் கேம் சென்டர் வைத்திருக்கும் குற்றாலீஸ்வரன் என்பவர் கூப்பிட்டார். வருடா வருடம் சீசனில் போட்டி நடத்துகிறாராம். இந்த முறை பெரிய திரை வைத்து, ஆட்டத்தைத் தமிழில் மைக்கில் சொல்ல ஆள் வேண்டுமாம். இசக்கிச்செல்விதான் நம்பர் கொடுத்தாளாம். அக்கா வந்து உட்கார்ந்து பேசினால் போதும், போஸ்டரில் பெயர் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டார். என்ன பெயர் போடுவீர்கள் என்று இவள் கேட்டாள். தென்காசி அக்கா என்றுதான் என்றார். நூர்நிஷா என்று போடுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை. பரீது வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

வந்ததிலிருந்தே அவர் முகம் சரியில்லை. மீன் வாங்கி வந்தார், மோட்டாரைக் கழற்றிப் பூட்டினார், மாடியில் பாசி பிடித்த இடத்தைத் தேய்த்தார். எல்லாம் செய்தார். ஆனால் அவள் கைபேசியை எடுத்து வாயருகே கொண்டுபோனாலே எழுந்து போய்விடுவார். குற்றாலத்துக்குப் போகப்போவதைச் சொன்னதும், வேண்டாம் என்றார். சீசன் நேரம், குடித்துவிட்டு வருகிறவன் எல்லாம் அந்த ரோட்டில்தான் நிற்பான் என்றார். இசக்கிச்செல்வி கூட வருகிறாள், அவள் லத்தியோடு நிற்பதைப் பார்த்தால் அருவித் தண்ணீரே வழிவிட்டுப் போகும் என்றாள் இவள். மறுநாள், சமீருக்கு நாளைக்குப் பெண் பார்க்கும்போது என்ன பேசுவார்கள் என்றார். சமீர் போஸ்டரை ஹாஸ்டல் முழுக்க ஒட்டிவிட்டானாம் என்றாள். அவர் எழுந்து மாடிக்குப் போய்விட்டார். காரணம் இரண்டும் அவருடைய காரணம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. உண்மையான காரணம் இருக்கிறவர் இவ்வளவு சீக்கிரம் வாய் மூடமாட்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வந்து சாப்பிட்டவர், அவராகவே டிவி முன்னால் போய் உட்கார்ந்தார். கேம் பெட்டியைப் போட்டார். விசில்காரியைத் தேர்ந்தெடுத்தார்.

“என்னமோ மூணும் வேணும், மாத்தி மாத்தி இறக்கணும்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கியே. கரடி ஒண்ணே போதும். இந்தா பாரு.”

அவள் பாத்திரத்தைத் துடைத்தபடியே வாசலில் நின்று பார்த்தாள். எதிராளி வாள்காரி. பரீது கரடியை இறக்கினார். முதல் அடி நன்றாகவே விழுந்தது, வாள்காரி தூரப் போய் விழுந்தாள். பரீது திரும்பி மனைவியைப் பார்த்தார். அந்தத் திரும்பலுக்குள் வாள்காரி எழுந்துவிட்டாள். பிறகு அவள் கிட்டே வருவதுபோல வந்து பின்வாங்க, பின்வாங்க, கரடி அவளைத் துரத்திக்கொண்டே போயிற்று. மேடையின் ஓரம் வந்தது.

“ஓரத்துக்குப் போவாதிய. விழுந்தா அவரால ஏற முடியாது.”

“எவரால?”

“கரடியால. விசில் அடிங்க, கீரி வரட்டும். அதுக்குத்தான் ஓரத்துல கால் நிக்கும்.”

பரீது விசில் அடிக்கவில்லை. கரடி கையை ஓங்கியது. ஏற்கெனவே சோர்ந்திருந்த கை. வாள்காரி குனிந்து ஒரு தட்டுத்தான் தட்டினாள். கரடி சத்தமில்லாமல் கீழே போயிற்று. மறு சுற்றிலும் அப்படியே. பரீது கையிலிருந்ததைச் சோபாவில் போட்டுவிட்டு, இதெல்லாம் வேலையில்லாதவன் வேலை என்றார். நூர்நிஷாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை. தோற்ற முகமாக அது இல்லை, வேறு எங்கோ வாங்கிய அடியின் முகமாக இருந்தது. அதனால் சட்டியைத் துடைக்கப் போய்விட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம், படுக்கையறையில் அவள் மறுநாளைக்கு வேண்டியதை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். தொண்டைக்குப் பனங்கற்கண்டு, குடை, கைபேசி சார்ஜர். பரீது வந்து கட்டிலில் உட்கார்ந்தார். போகாதே என்று இந்த முறை சொல்லவில்லை.

“நாளைக்கு ஒரு நாள் மட்டும் அத கரடின்னே சொல்லேன், நூரு.”

அவள் திரும்பினாள். “ஏன்?”

அவர் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. தம்மாமில் அவர் அறையில் கடையநல்லூர்ப் பையன் ஒருவன் இருக்கிறான், யஹ்யா என்று. பழைய கேம் பெட்டி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு வேலை முடிந்து வந்தால் அதே வேலையாக இருப்பான். ஆடுவதற்கு முன் ஒரு குரல்பதிவைச் சத்தமாக வைத்துக் கேட்பான், அறையே கேட்கும். ஒருநாள் பரீது சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போது அந்தக் குரல் வந்தது. ஸலாம் சொல்லி, எல்லாரும் நல்லா இருக்கியளா என்று கேட்டது. அவருக்குச் சோறு இறங்கவில்லை.

“என்ன சொன்னேன் அதுல?” என்று கேட்டாள் நூர்நிஷா.

“‘மச்சான ரொம்ப நேரம் வெளிய வைக்காதீங்க. வந்தாரா, ஒரு அடி போட்டாரா, உள்ள அனுப்பிருங்க. நின்னார்னா நமக்குத்தான் பாரம்.’ இதத்தான் சொன்ன.” வார்த்தை பிசகாமல் சொன்னார். “ரூமே விழுந்து விழுந்து சிரிச்சுது. அதுக்கப்புறம் எவனாவது லீவுக்குக் கிளம்புனா அதத்தான் சொல்லுவானுவ. ‘மச்சான் ஊருக்குப் போறாரு, ஒரு அடி போட்டுட்டு வந்திருவாரு’ன்னு. எனக்கும் சொன்னானுவ. ஏர்போர்ட்டுக்கு ஏறும்போது.”

அவள் கற்கண்டுப் பொட்டலத்தைக் கட்டிலில் வைத்தாள். அவருக்கு வலித்திருக்கும் என்பது புரிந்தது. அதைச் சொன்ன அன்று அவள் கரடியைத் தவிர வேறு எதையும் நினைக்கவில்லை என்று சத்தியம் பண்ணலாம். முழுக்க உண்மையாக இருக்காது. பெட்டி கட்டிக் கிளம்புகிற ஆளை வழியனுப்பி வழியனுப்பிப் பழகிய வாயில்தான் அந்த வார்த்தை அப்படி வந்தது. அதற்காகச் சொன்னது தப்பாகிவிடுமா? கரடியை அப்படித்தான் ஆடவேண்டும். வேறு மாதிரி ஆடினால் என்ன ஆகும் என்று நேற்று அவரே விழுந்து காட்டினார்.

“நீங்க என்ன சொன்னிய?”

“எதுக்கு?”

“ரூம்ல சிரிச்சப்ப. நீங்க என்ன சொன்னிய?”

“நானும் சிரிச்சேன். வேற என்ன செய்யச் சொல்லுத?”

“அது யாரு குரல்னு எவனும் கேக்கலையா?”

“யஹ்யா கேட்டான். ‘நீங்க தென்காசிதான அண்ணாச்சி, இந்த அக்காவத் தெரியுமா’ன்னான்.”

“நீங்க?”

“தெரியாதுன்னேன்.”

வெளியே சாரல் மறுபடி பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டில் யாரோ மாடியிலிருந்து துணி எடுக்க ஓடினார்கள். நூர்நிஷா நின்றபடியே இருந்தாள். இத்தனை வருடத்தில் இந்த மனிதருக்கு அனுப்பாத குரலா? மாமியின் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து, சமீர் பாஸான அன்று, கூரை ஒழுகிய அன்று, ஒன்றுமே இல்லாத அன்றும். ஒரு நாளும் தவறாமல் காதில் வாங்கிய குரலை நாலு பேர் முன்னால் தெரியாது என்று சொல்லிவிட்டார். தனக்கு அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. முதுகு நிமிர்ந்தது.

“மச்சான்,” என்றாள், “கரடிய கரடின்னு சொன்னா அங்கன ஒருத்தனுக்கும் புரியாது. எல்லாரும் அந்தப் பேரச் சொல்லித்தான் பழகிருக்கான். நான் அப்படித்தான் சொல்லுவேன்.”

“அப்ப நான் கேவலப்பட்டா பரவால்ல.”

“யாரு கேவலப்படுத்துனா? நான் ஒரு கரடிக்குப் பேரு வச்சேன். நீங்க என் புருசன்னு அந்த ரூம்ல எவனுக்கும் தெரியாது. எந்திரிச்சு, ‘ஏலே, அது என் பொண்டாட்டிலே’ன்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தியன்னா, அவனுவ சிரிப்பு அங்கனயே நின்னிருக்கும். மறுநாள்லேருந்து எப்படி ஆடணும்னு உங்ககிட்ட வந்து கேட்டிருப்பானுவ.”

“உனக்கு என்ன, வீட்டுல இருந்து பேசுத. அங்கன இருந்து பாத்தாத் தெரியும்.”

“தெரியாதுதான். நீங்களும் நான் இங்கன எப்படி இருந்தேன்னு தெரியாமத்தான் இருந்திய. அதுக்காக நான் யாருகிட்டயும் உங்களத் தெரியாதுன்னு சொல்லல.”

பரீது தலையைத் தூக்கினார். பிறகு மெதுவாக, முதல் நாளில் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டார். எத்தனை மணிக்குப் போட்டி, எப்படிப் போகப்போகிறாள் என்று. காலையிலேயே இசக்கிச்செல்வி ஸ்கூட்டியில் வருவாள் என்றாள். இந்த மழையில் ஸ்கூட்டியா என்றார். குடை இருக்கிறது என்றாள். ஸ்கூட்டியில் குடையைப் பிடித்துக்கொண்டு எவள் போவாள் என்று அவர் முனகினார். ஆட்டோ சொல்கிறேன் என்றும் சொல்லவில்லை, நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றும் சொல்லவில்லை. சொல்லிவிடுவாரோ என்று ஒரு நொடி அவள் பார்த்தாள். அவர் கட்டில் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

அவள் சார்ஜரைச் சுருட்டிப் பையில் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள்.

“நான் போறேன். நீங்க வந்தாலும் போறேன், வராட்டாலும் போறேன். வந்தியன்னா முன்னால நாற்காலி போடச் சொல்லுதேன். ஒண்ணு மட்டும் இப்பமே சொல்லிருங்க. நான் மைக்குல பேசும்போது பக்கத்துல இருக்கவன் உங்களத் தட்டி, ‘யாரு அண்ணாச்சி இந்தப் பேசுத பொம்பள’ன்னு கேப்பான். என்ன சொல்லுவிய?”

பரீது எழுந்தார். கைலியை உதறி இறுக்கிக் கட்டினார். ஒரு கணம் கதவருகே, நிலையில் கையை வைத்தபடி நின்றார். பிறகு அறையை விட்டு வெளியே போனார். நூர்நிஷா பையைத் தூக்கி, காலையில் ஸ்கூட்டி வந்ததும் எடுக்கத் தோதாகக் கதவருகே வைத்தாள்.